கண்ணாடிப் பெட்டியில் ஒரு ஆப்பம்

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான். சும்மா இருந்தான். மத்தவங்க ஆக்கின சோறு, மத்தவங்க நெய்த வேட்டி, மத்தவங்க கட்டின அரண்மனை. தன் கையால ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட்டதில்ல. அப்படி ஒரு ராஜா. என்ன, கேக்கறியா?

"ம்."

ஒரு நாள் கடல் தாண்டி ஒரு துரை வந்தான். பத்து நாள் மூக்குப் பிடிக்கத் தின்னான். போறப்போ ராஜாவுக்கு ஏதாவது குடுக்கணுமே? கையில ஒண்ணும் இல்ல. ராஜாவோட மீசையைப் பாத்து, "மாஸ்டர்பீஸ்!"னு சொல்லிட்டுக் கப்பல்ல ஏறிட்டான்.

ராஜாவுக்குத் தலைகால் புரியல. "மந்திரி, அப்படின்னா என்னய்யா?"

மந்திரிக்கு இங்கிலீஷ்ல நாலு வார்த்தை தெரியும். நாலாயிரம் தெரிஞ்ச மாதிரி நடப்பார். "அது வந்து மகாராஜா, ஒருத்தன் ஆயுசுல செய்யறதுலயே உச்சம். அதுக்கு மேல இல்ல."

"ஒருத்தனுக்கு அது எத்தனை வரும்?"

தெரியாதுன்னு சொல்லலாம்ல? அந்த வாய்க்கு அது வராது. "ஒண்ணே ஒண்ணுதான், மகாராஜா."

"அப்போ அதுக்கப்புறம் அவன் செய்யறதெல்லாம்?"

"குப்பை."

"குப்பை எதுக்குய்யா என் நாட்டுல?"

அவ்வளவுதான். மறுநாள் டம் டம் டம்னு தண்டோரா. 'ஆளுக்கு ஒரு மாஸ்டர்பீஸ். அது அரண்மனைக் கண்ணாடிப் பெட்டிக்கு வரணும். குடுத்தவங்க அதுக்கப்புறம் எந்த வேலையிலயும் கை வைக்கக் கூடாது!'

முதல்ல கைலாசம்னு ஒரு நெசவாளி. "உன்னோட உச்சம் எது?"ன்னு சேவகன் கேட்டான். அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் பெருமை. மாம்பழ நிறத்துல ஒரு சேலையை எடுத்து நீட்டினார். சேலை பெட்டிக்குப் போச்சு. தறியை மடக்குனு ஒடிச்சாங்க. அப்புறம் குருநாதன்னு ஒரு குயவர். அவர் ஒரு பானையை நீட்டினார். பானை பெட்டிக்குப் போச்சு. சக்கரத்தை டமால்னு உடைச்சாங்க. ஊர்ல பிள்ளைங்க கிழிசல் கட்டிக்கிட்டு, கையைக் குவிச்சுத் தண்ணி குடிச்சுது. ராஜா பெட்டியைப் பாத்துக்கிட்டு, ஆஹா ஆஹான்னு உக்காந்திருந்தான். தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்போ மூணாவதா யாரு? பேராச்சி. சந்தை முனையில ஆப்பம் சுடறவ. மாவை ஊத்தி, சட்டியை ஒரு சுழட்டு. சொய்ங்! ஓரமெல்லாம் முறுகலா, நடுவுல பஞ்சு மாதிரி. மேல தேங்காப்பால். காலையில வேலைக்குப் போறவன் எல்லாம் அவ ஆப்பத்தைத் தின்னுட்டுத்தான் போவான். அந்த அடுப்பு எரிஞ்சாத்தான் அவளுக்கும் அவ மாமியாருக்கும் சாப்பாடு.

"உன் உச்சம் எதும்மா?"ன்னான் சேவகன்.

"இப்பச் சட்டியில வேகுதே, அது."

"நிஜமாவா?"

"பசியோட நிக்கிறவனைக் கேளு."

அந்த ஆப்பத்தைத் தட்டோட தூக்கிட்டான். அடுப்புல தண்ணியைக் கொட்டினான். புஸ்ஸ்ஸ்!

அன்னிக்கு அரண்மனையே மணத்துது. ராஜாவுக்கு நாக்குல எச்சில். "ஒரு வாய்..."ன்னான். "தொடக் கூடாது மகாராஜா! மாஸ்டர்பீஸை யாராவது திம்பாங்களா?"ன்னார் மந்திரி. ரெண்டாம் நாள் முறுகல் தொங்கிப் போச்சு, செருப்புத் தோல் மாதிரி. மூணாம் நாள் தேங்காப்பால் ஊசிப்போய், பெட்டி முழுக்கச் சாரசாரையா எறும்பு. நாத்தம் குடலைப் புடுங்குது. மந்திரி மூக்கைப் பொத்திக்கிட்டு, "என்ன வாசனை, என்ன வாசனை!"ங்கறார்.

ராஜா பேராச்சி கடைக்கே ஓடி வந்தான். பின்னாடியே மந்திரி, சேவகன், பாதி ஊர்.

"ஏம்மா, இன்னொரு ஆப்பம் சுடு."

"சட்டம் இருக்கே ராஜா. நான் சுட்டா அது குப்பை. உங்களுக்குக் குப்பையைப் போடலாமா?"

"பசிக்குதும்மா."

"எங்களுக்கு மூணு நாளாப் பசிக்குது." பேராச்சி கரண்டியை அவன் பக்கம் தள்ளினா. "நீங்க இன்னும் ஒண்ணும் செய்யலையே. உங்களைச் சட்டம் தடுக்காது. சுடுங்க."

சேவகன் அடுப்பைப் பத்த வெச்சான், ராஜா உக்காந்தான். மொத ஆப்பம், மாவை ஊத்திச் சுழட்ட மறந்துட்டான். கொழகொழன்னு களி. ரெண்டாவது, மூடியைத் திறக்க மறந்துட்டான். கரிக்கட்டை. மூணாவது, ஒரு பக்கம் பச்சை மாவு, ஒரு பக்கம் கருகல், நடுவுல ஓட்டை. ஆனா சட்டியை விட்டு வந்துடுச்சு! ராஜா அதை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டான். கண்ணு கலங்கிப் போச்சு. பாவம், பொறந்ததுலேந்து அவன் செஞ்ச ஒரே பொருள் அதுதானே.

"மாஸ்டர்பீஸ்!"னு கத்தினான்.

"ஆஹா! உச்சம்! உச்சம்!"னார் மந்திரி.

பேராச்சி எழுந்து நின்னா. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ராஜா. இதுதானா?"

"இதேதான்!"

"அப்போ பெட்டியில வைங்க. இனிமே நீங்க எந்த வேலையிலயும் கை வைக்கக் கூடாது. ராஜா வேலையிலயும்தான். கிரீடத்தைக் கழட்டுங்க."

ராஜா முழிச்சான். 'இது குப்பை'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாடு அவன் கையில. ஆப்பத்தைப் பாத்தான். மந்திரியைப் பாத்தான். மறுபடியும் ஆப்பத்தைப் பாத்தான். அந்த ஓட்டை ஆப்பத்தைக் குப்பைன்னு சொல்ல அவனுக்கு மனசு வரலடா கண்ணு. கிரீடத்தைக் கழட்டி அடுப்பு மேடையில வெச்சுட்டு, ஆப்பத்தை ஏந்திக்கிட்டுப் போயிட்டான்.

"மகாராஜா, சட்டத்துக்கு முத்திரை!"ன்னு மந்திரி பின்னாடியே ஓடினார். தண்டோரா போட்டதோட சரி, முத்திரை இன்னும் வைக்கல. அதுக்கு ராஜா கை வேணும். அந்தக் கைதான் இனிமே எதையும் தொடக் கூடாதே! முத்திரை இல்லாத சட்டம் செல்லாமப் போச்சு. மறுநாள் கைலாசம் தறிக்கு மரம் வெட்டப் போனார். குருநாதன் மண்ணு மிதிச்சார். பேராச்சி அடுப்பு, சொய்ங்!

"அப்போ... ராஜா யாரு?"

யாரோ. காலையில எல்லாருக்கும் ஆப்பம் கிடைச்சுது, யாரும் அதைக் கேக்கல. சட்டி இறங்கியாச்சு, கதையும் இறங்கியாச்சு. கண்ணை மூடு.