முள்ளம்பன்றி கேட்ட இருக்கை

குளக்கரைக் காட்டில் குட்டிகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் மைதானம் சாயங்காலமானால் காட்டுக்கே பொது. குட்டிகள் ஓடிப்பிடித்து விளையாடும். பெரியவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டே ஊர்வம்பு பேசுவார்கள்.

தரை எப்போதும் ஈரம். அதனால் இருக்கை போடுவதென்று முடிவாயிற்று. வேலையைக் குரங்குகள் ஏற்றுக்கொண்டன. மரத்துக்கு மரம் பெரிய கட்டைகளைக் கட்டின.

"ஒரு தாவு உயரம் போதும்" என்று அளவு சொன்னான் குரங்குத் தலைவன் நெட்டைவாலன். யாருடைய தாவு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல் நாளே சிலுப்பி என்ற முள்ளம்பன்றி நொண்டி நொண்டி வந்து சேர்ந்தாள். போன மழையில் பாறை உருண்டு அவள் பின்னங்கால் நசுங்கிப்போயிருந்தது. ஈரத்தில் உட்கார்ந்தால் அந்தக் கால் விறைத்துக்கொள்ளும். அதனால் இத்தனை நாளும் வேலிக்கு வெளியே ஒரு மேட்டில்தான் இருந்தாள். மகள் விளையாடும் சத்தம் கேட்கும், மகளைப் பார்க்க முடியாது.

கட்டை அவள் தலைக்கு மேலே இருந்தது.

"தம்பி, இதுல நான் எப்படி ஏறுறது?"

"ஒரு தாவு தாவுங்க அக்கா, அவ்வளவுதான்."

"கால் போனவ எங்கேருந்து தாவுறது?"

நெட்டைவாலன் பெரிய மனதோடு சிரித்தான். "நாங்க எதுக்கு இருக்கோம்? தூக்கி உட்கார வெச்சிடுறோம்."

"சரி, தூக்கு."

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். அப்போதுதான் முட்களைப் பார்த்தான். கைகளை மெதுவாகப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கொஞ்சம் முள்ளை மடக்கிக்குங்களேன்."

"மடக்கித்தான் வெச்சிருக்கேன். அப்படியே தூக்கினாலும், இறங்கணும்னா யாரைக் கூப்பிடுறது? நாளைக்கு நீ வரலைன்னா? ஏத்தி இறக்க நான் என்ன மூட்டையா? கட்டையைக் கீழே இறக்கு."

மேலே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நெட்டைவாலனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒருத்திக்காக எல்லாத்தையும் மாத்த முடியாது. எப்பவும் போல வேலிக்கு வெளியவே இருங்க."

மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். சிலுப்பிக்கு நெஞ்சு எரிந்தது. அவள் வேலிப் பக்கம் போகவில்லை. நேராக மைதானத்தின் நடுவே போய் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். முட்களை விரித்தாள். விளையாட்டு நின்றுபோனது.

"எழுந்திருங்க அக்கா!"

"இருக்கை போடு, எழுந்திருக்குறேன்."

"இவளை இழுத்து வெளியே போடுங்க" என்று கத்தினான் நெட்டைவாலன். யார் இழுப்பது? ஆர்வக்கோளாறில் ஒரு காட்டுப்பன்றி முட்டிப் பார்த்தது. மூக்கில் முள்ளோடு திரும்பியது.

கால் விறைத்து வலித்தது. சிலுப்பி அசையவில்லை. மறுநாளும் வந்து அங்கேயே உட்கார்ந்தாள். கிழ ஆமை ஒன்று ஊர்ந்து வந்து பக்கத்தில் நின்றது.

"நானும் கட்டையில ஏற முடியாம வெளியேதான் நிக்கிறேன். கேட்க வெட்கமா இருந்துச்சு."

"வெட்கப்பட வேண்டியது நாம இல்ல. உட்காருங்க."

அடுத்து நிறைமாத மான் வந்தது. பிறகு பார்வை மங்கிய கரடி. மைதானத்தின் நடுவே கூட்டம் கூடிவிட்டது. குட்டிகளும் அவர்களோடு உட்கார்ந்து கதை கேட்க ஆரம்பித்துவிட்டன. கட்டைமேல் இருந்தவர்களுக்குப் பார்க்க விளையாட்டே இல்லை. எத்தனை நேரம்தான் வெறும் மைதானத்தைப் பார்ப்பது? முணுமுணுத்தார்கள். பிறகு நெட்டைவாலனையே திட்டினார்கள்.

கடைசியில் அவன் இறங்கி வந்தான். "எவ்வளவு உயரம் வேணும்?"

"நான் ஏறிக் காட்டுறேன். நீ பார்த்துக் கட்டு."

கட்டைகள் கீழே வந்தன. ஓரத்தில் மண்ணைக் கொட்டிச் சரிவு அமைத்தார்கள். சிலுப்பி ஏறிப் பார்த்தாள். "இன்னும் செங்குத்தா இருக்கு" என்றாள். மறுபடி மண் கொட்டினார்கள். ஆமையும் ஏறிப் பார்த்த பிறகுதான் சரி என்றாள்.

அன்று சாயங்காலம் சிலுப்பி யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தாள். அவள் மகள் மைதானத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். தாய்க்குக் கண் நிறைந்தது.

நெட்டைவாலன் அவள் முன்னால் வந்து நின்றான். "இவ்வளவு செஞ்சிருக்கோம். ஒரு நன்றி சொல்லலாமே அக்கா?"

"எதுக்கு? பொது இடத்துல உட்கார்றதுக்கா? தள்ளி நில்லு தம்பி, எம்பொண்ணை மறைக்கிற."

பொது இடத்தில் நமக்குள்ள பங்கை உதவியாகக் கெஞ்சிக் கேட்கக் கூடாது, உரிமையாகக் கேட்டு வாங்க வேண்டும்.