வலிக்காத கால்

வேலிக்கருவை மண்டிய மேட்டில் இருந்தது அந்த மடம். வாசலில் ஒரு பெரிய பாறை. செருப்பை அதன் ஓரத்தில் விட்டுவிட வேண்டும். விட்டவர்கள் திரும்ப எடுப்பதில்லை. மண்ணை வெறுங்காலால்தான் தொட வேண்டும் என்பது அறவாழி அடிகள் வைத்த விதி. விறகு பொறுக்கப் போனாலும் அப்படித்தான். முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு நடப்பார்கள்.

டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய திருவம்பலம் அந்தப் பாறைமேல் ஏறி நின்றார். அடிகளைவிட வயதில் மூத்த சீடர். காலில் புதுச் செருப்பு. கீழே இறங்க மனம் வரவில்லை. தினமும் மிதித்த மண்தான். இன்று அது அவரையே பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

அடிகள் உள்ளேயிருந்து வந்தார்.

"என்ன ஐயா, புது மாப்பிள்ளை மாதிரி வாசல்லயே நிக்கிறீங்க? ஆரத்தி எடுக்கணுமா? கஞ்சி ஆறுது."

"இறங்கப் பயமா இருக்கு சாமி."

"பாம்பா?"

"பாம்புன்னா கண்ணுக்குத் தெரியுமே."

உட்கார்ந்து, வலது காலின் கட்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளங்காலில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். நடுவில் சிறு துளை. அதில் ரவை போல ஏதோ கசிந்திருந்தது.

"கிருமியாம். மண்ணுலயே குடியிருக்குமாம். என்னைக்கோ குத்தின முள்ளோட உள்ளே போயிருக்கு. பல மாசம் மருந்து சாப்பிடணும். எலும்பை அரிச்சிட்டா காலையே எடுக்க வேண்டி வரலாம்னு டாக்டர் சொல்றார். இனிமே வெறுங்காலோட நடக்கவே கூடாதாம்."

அடிகள் அந்தத் துளையையே உற்றுப் பார்த்தார்.

"கொளுத்திடலாம் சாமி. வேலி, விறகுக்காடு, மேல்மண்ணு, எல்லாத்தையும்."

அடிகள் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார். வழக்கம்போல நெற்றிக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

"இதுல இருக்கா?"

"தெரியாது சாமி."

"இல்லையா?"

"அதுவும் தெரியாது."

"அப்போ எதுவரைக்கும் கொளுத்துறது?"

திருவம்பலம் நிமிர்ந்து பார்த்தார். மண் வேலியைத் தாண்டி, கண்மாய்க்கரையைத் தாண்டி, கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடந்தது.

"விதியை மீற மாட்டேன் சாமி. ஆனா காலும் வேணும். செருப்பு போடணும்னா மடத்தை விட்டுத்தான் போகணும். போகச் சொல்றீங்களா?"

"இந்த வீக்கம் எப்போ வந்துச்சு?"

"போன மழைக்கு முந்தின மழையில."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே சாமி. கால்ல கட்டி வந்திருக்கு, ஆனா வலியே தெரியலைன்னு. நீங்கதான் எல்லாரையும் கூப்பிட்டு, பாருங்கப்பா, இவருக்கு உடம்பு மறந்துபோச்சு, தவம் பழுக்குதுன்னு சொன்னீங்க."

அடிகள் கையிலிருந்த மண்ணைக் கீழே விட்டார். கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு பாறைமேல் ஏறி உட்கார்ந்து, தன் இடது காலைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, குதிகாலிலிருந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். பாதத்தின் நடுவில் விரல் நின்றது. திரும்பவும் அதே இடத்தை அழுத்தினார். தோலுக்கடியில் கல்லைப் போல ஒன்று அசைந்து கொடுத்தது.

"வலிக்குதா சாமி?"

"இல்லையே." அவர் முகம் வெளுத்திருந்தது.

பாறை ஓரத்தில் குவிந்து கிடந்த செருப்புகளைக் கிளறினார். அவருடையது அடியில் இருந்தது. வாரைக் கரையான் தின்றிருந்தது. கீழே கிடந்த கயிற்றுத் துண்டால் அதைக் காலோடு சேர்த்துக் கட்டினார். மடத்தை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"எல்லாரும் வந்து அவங்கவங்க செருப்பைத் தேடி எடுங்க! ஒருத்தர் காலை ஒருத்தர் பாருங்க!"

திருவம்பலம் இன்னும் பாறையை விட்டு இறங்கவில்லை.

"நீங்க செருப்போடயே உள்ளே போய்க் கஞ்சி குடிங்க ஐயா," என்றார் அடிகள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுல போகணும்?"