விலாங்கும் கடைசிப் பத்தியும்

மலையடிவாரத்து ஏரி ஒன்றில் ஒரு நீர்நாயும் ஒரு நீர்க்கோழியும் முனைவர் பட்டத்துக்கான நுழைவுத் தேர்வு எழுதக் காத்திருந்தன.

அந்த ஏரியில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர்கள் முதலில் வாத்து மொழியில் ஒரு கட்டுரையைப் படித்துக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். ஏரிவாசிகள் யாரும் வீட்டில் வாத்து மொழி பேசுவதில்லை. ஆனால் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வரித்தலை வாத்துகள் எல்லாவற்றைப் பற்றியும் எழுதி வைத்திருந்தன. ஏரிவாசிகள் தங்கள் ஏரியைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் அவை எழுதியதைத்தான் படிக்க வேண்டியிருந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வேறு பல ஏரிகளிலும் அப்படித்தான்.

கரையில் ஒரு நரி இந்தத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியது. நரிக்கு வாத்து மொழி தெரியாது. வாத்துகளைத்தான் தெரியும்.

நீர்நாய் அந்த வகுப்புப் பக்கமே போகவில்லை. வாத்து மொழி அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. அதன் மனம் முழுவதும் விலாங்கு மீன்தான். மற்ற நீர்நாய்கள் விலாங்கைத் தின்றன. இது தின்பதற்கு முன் யோசித்தது: "விலாங்கின் முட்டையை இந்த ஏரியில் யாருமே பார்த்ததில்லையே! அப்படியானால் குஞ்சு எங்கிருந்து வருகிறது?"

ஒரு மழைக்காலத்தில் அது விலாங்குகளின் பின்னாலேயே ஆற்று வெள்ளத்தில் இறங்கி, முகத்துவாரம் வரை நீந்திப் போயிற்று. அவை கடலுக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்தது. திரும்பி வந்து சொன்னபோது ஏரியே சிரித்தது.

"விருந்துக்குப் போன கதையை ஆராய்ச்சி என்கிறதே!"

பட்டம் இருந்தால் சிரிக்கமாட்டார்கள் என்று நீர்நாய்க்குத் தெரியும். இந்த வருடம் ஒரு பேராசிரியை வாத்து வந்திருந்தது. அதனிடம் ஆராய்ச்சி மாணவருக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மறுநாள் காலை வாத்துகள் வடக்கே கிளம்புகின்றன. இன்று விட்டால் விட்டதுதான்.

"என்னம்மா, முகம் வாடியிருக்கிறது?" என்று நீர்க்கோழியைக் கேட்டது நீர்நாய்.

"பயமாக இருக்கிறது, அண்ணா. தாமரை விதையைப் பற்றி ஆராய ஆசை. ஆனால் வாத்து மொழி எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டி ஆட்டிப் படிப்பேன்."

"தலையை ஆட்டியா? நேரம் போதாதே!"

"போதாதுதான். உங்களுக்கென்ன, அண்ணா! வாத்துகளே உங்களிடம் சொல்லுக்குப் பொருள் கேட்கின்றனவாம்!"

நீர்நாய் மீசையைத் தடவிக்கொண்டது. மறுக்கவில்லை.

தேர்வைக் கண்காணிப்பதோடு ஆராய்ச்சி இடங்களை ஒதுக்குவதும் ஆமையின் வேலை. அது கட்டுரை எழுதிய ஓலைகளைக் கொடுத்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். சரியான விடையின் மேல் ஒரு கூழாங்கல்லை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

நீர்நாய் முதல் சொல்லைப் பார்த்தது. துள்ளிக் குதிக்காத குறை. 'விலாங்கு' என்று இருந்தது!

அடுத்து வந்தது இது: "விலாங்குக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அது சேற்றிலிருந்து தானாகவே பிறக்கிறது."

"பொய்!" என்று கத்தியது நீர்நாய்.

"தேர்வுக் கூடத்தில் சத்தம் கூடாது!" என்றது ஆமை.

"ஐயா, இது பச்சைப் பொய்! நான் நேரில் பார்த்தவன்!"

"நீ பார்த்ததை யார் கேட்டார்கள்? கட்டுரையில் இருப்பதைத்தான் கேட்டிருக்கிறது. உட்கார்!"

நீர்நாய் உட்கார்ந்தது. அதற்குமேல் படிக்க அதற்கு மனமில்லை. நேரே கேள்விகளுக்குப் போயிற்று. 'விலாங்கு பிறப்பது எங்கே என்று கட்டுரையாளர் கருதுகிறார்?' என்றது ஒரு கேள்வி. 'சேற்றில்' என்பதன் மேல் கல்லை நங்கென்று வைத்தது. 'கட்டுரையாளர் யாரைத் தேடுகிறார்?' என்றது கடைசிக் கேள்வி.

"தேட வேண்டியது மூளையை!" என்று முணுமுணுத்தபடி, 'யாரையும் தேடவில்லை' என்பதன் மேல் இன்னொரு கல்லை வைத்தது. பிறகு கையைத் தூக்கியது.

"ஐயா, கூடுதல் ஓலை!"

"கல் வைக்கிற தேர்வுக்குக் கூடுதல் ஓலை எதற்கப்பா?"

"மறுப்பு எழுத!"

நீர்க்கோழி தலையைத் தூக்கிப் பார்த்தது. 'கொடுத்த ஓலையையே என்னால் முடிக்க முடியவில்லை. அண்ணன் கூடுதலாக வாங்குகிறாரே!' அப்போது அது இரண்டாம் பத்தியில்தான் இருந்தது. மீண்டும் குனிந்து தலையை ஆட்டத் தொடங்கியது. ஆமை ஓலைகளைச் சேகரிக்க வந்தபோதுதான் கடைசிக் கல்லை வைத்தது.

மாலையில் முடிவு வந்தது. நீர்க்கோழி தேறியிருந்தது. நீர்நாய் தேறவில்லை.

நீர்நாய் தன் மறுப்பு ஓலைகளை அள்ளிக்கொண்டு பேராசிரியை வாத்திடம் ஓடியது. வாத்து அப்போது நீர்க்கோழியிடம் தாமரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

"அம்மா, இதைக் கேளுங்கள்! கேட்டுவிட்டு அந்த மூடக் கட்டுரையைத் தண்ணீரில் போடுங்கள்!"

சேற்றில் உயிர் தானாகப் பிறக்காது என்பதில் தொடங்கி, முகத்துவாரத்தில் கண்டது வரை, மூச்சுவிடாமல் படித்தது. வாத்து ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை.

"மிக அருமை! ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்" என்றது வாத்து.

"அப்படியானால் உங்கள் கட்டுரை தவறுதானே?"

"கடைசிப் பத்தியைப் படித்தீர்களா?"

"முதல் பத்தியே போதுமாக இருந்தது!"

"நான் எழுதியதுதான் அது. இப்போது படியுங்களேன்" என்று வாத்து ஓலையை நீட்டியது.

கடைசிப் பத்தி இப்படி இருந்தது: "இதுவரை சொன்னது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் கருத்து. நான் இதை ஏற்கவில்லை. மழைக்காலத்தில் முகத்துவாரத்தின் மேல் பறந்தபோது விலாங்குகள் கடலுக்குள் போவதைக் கண்டேன். ஆனால் நான் பறவை. அவற்றின் பின்னால் நீருக்கடியில் போக என்னால் முடியாது. அப்படிப் போய்ப் பார்த்தவர் எவரேனும் உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்."

வாத்துகள் எழுதும் முறையே அதுதான். முதலில் மாற்றார் கருத்தைத் தம் கருத்துபோல மரியாதையாக விரித்துச் சொல்லும். அதை வீழ்த்துவது கடைசியில்தான். நம் பழைய உரையாசிரியர்களுக்கும் இந்த வழக்கம் உண்டு. பாதியில் மூடி வைப்பவர்கள், ஆசிரியர் யாரை மறுத்தாரோ அவராகவே ஆசிரியரை நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நீர்நாயின் மீசை தொங்கிப்போயிற்று. உலகத்திலேயே தன்னை நம்பக்கூடிய ஒரே ஆளை எதிர்த்து அது கூடுதல் ஓலை வாங்கி எழுதியிருந்தது.

வாத்து கனிவாகச் சொன்னது: "என்னிடம் இருந்த ஓர் இடம் இந்த நீர்க்கோழிக்குப் போய்விட்டது. ஆனால்..."

"தெரியும்! தெரியும்!" என்று சீறியது நீர்நாய். "ஆனால் அடுத்த வருடம் பார்க்கலாம், அதுதானே? எத்தனை பேர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்!"

தொபுக்கென்று நீரில் பாய்ந்தது. அலை வட்டங்கள் கரை வரை வந்து அடங்கின.

"ஆனால், விலாங்குக்கென்று இன்னோர் இடத்தை ஆமையாரிடம் கேட்டு வாங்கிவிடுகிறேன். காலையில் நான் கிளம்புமுன் வந்து சேர்ந்துவிடுங்கள்" என்று வாத்து, தொடங்கிய வாக்கியத்தைத் தண்ணீரைப் பார்த்து முடித்தது.

"அண்ணா! அண்ணா! முழுதாகக் கேட்டுவிட்டுப் போங்கள்!" என்று நீர்க்கோழி கரையெல்லாம் ஓடி ஓடிக் கூவியது. நீர்நாய் நன்றாக முழுகக்கூடியது. அதற்குள் ஆற்றோடு வெகுதூரம் போயிருந்தது.

காலையில் வாத்துகள் ஏரியின் மேல் ஒருமுறை வட்டமிட்டு வடக்கே பறந்தன.

பிறர் சொல்வதை முடிவு வரை கேட்கப் பொறுமை இல்லாதவர், எவ்வளவு கற்றிருந்தாலும், தமக்கு உதவ வந்தவரோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.