நெடுமேடு எந்தத் திசை?

கதை முடிகிற வரைக்கும் யாரும் குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது. கேள்வியை நான்தான் கேட்பேன்.

கோயம்புத்தூரில் ஒரு கணினி நிறுவனத்தில் மங்கையர்க்கரசிக்கு வரைபட வேலை. எல்லோருக்கும் அவள் அரசி. இரண்டு ஊர்களின் எல்லையைக் கொடுத்தால், இந்த ஊருக்கு அந்த ஊர் எந்தத் திசை என்று சொல்லும் நிரலை அவள்தான் எழுதினாள். செல்போன் பஞ்சாங்கம் நடத்துகிறவர்கள் அதை வாங்கிச் சூலம் பார்க்க வைத்துக்கொண்டார்கள். எந்தக் கிழமையில் எந்தத் திசைக்குப் பயணம் ஆகாது என்று பார்ப்போமே, அதுதான். வெள்ளிக்கிழமைக்கு மேற்கு ஆகாது.

அரசிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை திருமாறன், கொக்குமடைக்காரன், கப்பலில் வேலை. ஏறினால் லேசில் இறங்க முடியாது. அவன் லீவுக்குள் கிடைத்த ஒரே முகூர்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் கிளம்பி, பெண்ணின் ஊரான நெடுமேட்டுக் கல்யாண மண்டபத்துக்கு வர வேண்டும்.

பத்திரிகை அடித்து முடித்த பிறகு, மாப்பிள்ளையின் அம்மா சொர்ணத்தம்மாள் போனில் பஞ்சாங்கத்தைத் தட்டினாள். கொக்குமடையிலிருந்து நெடுமேடு: மேற்கு. வெள்ளிக்கிழமை: சூலம். 

“பெரியவன் கல்யாணத்துக்கும் சூலத்துலதான் கிளம்பினோம். பரிகாரம்னு வெல்லத்தை வாயில போட்டுக்கிட்டுத்தான் போனோம். என்ன ஆச்சு? பிரிஞ்சு நிக்கிறாங்க. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாதும்மா. அடுத்த லீவுல வச்சுக்கலாம்,” என்று அரசியிடமே சொல்லிவிட்டாள்.

அடுத்த லீவாம்! அதற்குள் ஊர் வாய் சும்மா இருக்குமா? அரசிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த ‘மேற்கு’ அவளே எழுதிய கணக்கு என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

ஊர்களின் அமைப்பைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். கொக்குமடை சின்ன ஊர். கல்யாண மண்டபம் அதற்கு நேர் வடக்கே; நெடுமேடு அந்த மண்டபத்துக்கும் கொஞ்சம் கிழக்கே தள்ளித் தொடங்குகிறது. அங்கிருந்து மேற்கே நீண்டு போய், கதவுக் கொக்கி மாதிரி தெற்கே மடங்கி, கொக்குமடையையும் தாண்டி இறங்கிவிடும்.

அரசியின் நிரல் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நடுப்புள்ளி கண்டுபிடித்து, இரண்டு புள்ளிகளையும் கோடு போட்டு இணைக்கும். அந்தக் கோடுதான் மேற்கே போனது. நெடுமேட்டின் நடுப்புள்ளி எங்கே விழுந்தது தெரியுமா? ஊருக்கு வெளியே, ஒரு செங்கல் சூளையில்!

பக்கத்து நாற்காலித் தாவீது சிரித்தான். “இதுக்கா அழற? ஊரைச் சுத்திப் பெட்டி போடு.” அதாவது, ஊரின் நாலு பக்கக் கடைசி முனைகளையும் தொட்டு ஒரு செவ்வகம். போட்டார்கள். நெடுமேட்டின் பெட்டிக்குள் கொக்குமடை மொத்தமும் அடங்கிவிட்டது. “பார்த்தியா? உள்ளே இருக்கிற ஊருக்கு ஏது திசை? திசை இல்லன்னா சூலமும் இல்ல. நிரலை இப்பவே மாத்திடலாம். உங்க அத்தை திரும்பப் பார்க்கட்டும்.”

திருமாறன் போனில் வேறு மாதிரி சொன்னான். “ஊரை விடு அரசி. எங்க வீட்டு வாசல்லேர்ந்து மண்டபத்து வாசலுக்குக் கோடு போடு.” போட்டாள். நேர் வடக்கு. வெள்ளிக்கிழமை வடக்கே போகத் தடையில்லை.

ஆக, அரசிக்கு மேற்கு, தாவீதுக்குத் திசையே இல்லை, திருமாறனுக்கு வடக்கு. மூன்று கணக்கிலும் கூட்டல் கழித்தல் பிசகவில்லை. இரண்டு கணக்கில் கல்யாணம் நடக்கும். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இதில் யார் கணக்கு சரி? சொர்ணத்தம்மாளிடம் எதைச் சொல்வது நியாயம்?

திருமாறன் கணக்கைத்தான். அம்மாளின் பயம் பயணத்தைப் பற்றியது. பயணம் போகிறவர்கள் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குத்தான் போகிறார்கள். தூரத்து மாவட்டம் ஒன்று எந்தப் பக்கம் என்று கேட்டால் நடுப்புள்ளி போதும். இங்கே அது சூளைக்குத்தான் வழி காட்டியது. தாவீதின் பெட்டியில் பாதிக்கு மேல் நெடுமேடே இல்லை. சாதகமான முடிவு வந்ததாலேயே அது சரியாகிவிடாது. அரசி எதையும் மறைக்காமல், மூன்று கணக்கையும் போட்ட வரைபடத்தை அத்தையிடம் காட்டினாள். மேற்கு என்று எழுதியது தான்தான் என்றும் சொன்னாள். சொர்ணத்தம்மாள் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். “சரிம்மா, வெள்ளிக்கிழமையே வர்றோம்,” என்றவள், அடுத்துக் கேட்டாள்: “இந்தப் போன் பஞ்சாங்கத்தைப் பார்த்துட்டுக் கல்யாணத்தை நிறுத்தின வேற வீடும் இருக்குமே, அவங்களுக்கு யாரு போய்ச் சொல்றது?”