நாரை அளந்த நிழல்

சீங்காட்டுக் குளத்தைச் சுற்றி வாழ்ந்த விலங்குகளும் பறவைகளும் ஒரு நாள் கூட்டம் போட்டன. காட்டுக்கு ஒரு சேதிக்கம்பம் நட வேண்டும் என்பதுதான் பேச்சு.

நியாயமான ஆசைதான். மலைக்கு அந்தப்புறம் என்ன நடந்தாலும் இந்தப்புறம் தெரிவதில்லை. போன கோடையில் அங்கே தீப்பிடித்தபோது, புகையைக் கண்ட பிறகுதான் இங்கே எல்லா உயிர்களும் ஓடத் தொடங்கின. இரண்டு மான்குட்டிகள் தப்பவில்லை. உயரமான கம்பம் இருந்தால் இரட்டைவால் குருவி அதன் உச்சியில் உட்காரும். மலைக்கு அப்பால் உள்ள பறவைகள் கூவும் சேதியைக் கேட்டு இங்கே திருப்பிக் கூவும்.

"கரட்டு மேட்டுல நட்டுடலாம்" என்றது தலைவரான யானை.

"மேட்டுலயா?" என்று துள்ளியது நரி. "குளக்கரையில நடுங்க தலைவரே! தண்ணி குடிக்க வர்ற இடத்துலயே சேதியும் கேட்டுக்கலாம்!"

நரியின் வளை குளக்கரையில்தான் இருந்தது. எந்தப் பக்கம் இரை செத்துக் கிடக்கிறது என்பதை மற்றவர்களுக்கு முன்னால் கேட்க அதற்கு ஆசை. அதை மட்டும் அது சொல்லவில்லை. மேடு ஏறச் சோம்பல்பட்டவை எல்லாம் உடனே தலையாட்டின. சோம்பேறிகளுக்கு நரி சொல்வது எப்போதும் இனிக்கும்!

ஆனால் அந்தக் காட்டில் ஒரு விதி உண்டு. கம்பம் எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரத்துக்குள் யாருடைய கூடும் இருக்கக் கூடாது. கம்பம் சாய்ந்தாலும் வெறும் மண்ணில்தான் விழ வேண்டும்.

அளக்கும் வேலை நாரையுடையது. யானை கம்பத்தை நட வேண்டிய இடத்தில் தூக்கிப் பிடிக்கும். நாரை பொழுது சாயக் காத்திருக்கும். தன் நிழல் தன் உயரத்துக்குச் சரியாக நீண்டதும், கம்பத்தின் நிழலைத் தன் அடியால் அளக்கும். அந்த வேளையில் நிழல் எவ்வளவோ, கம்பமும் அவ்வளவு. நாரை ஒருமுறைகூடத் தப்பாக அளந்ததில்லை.

அன்றைக்கு யானை காய்ந்த தேக்கு மரம் ஒன்றைக் குளக்கரையில் தூக்கிப் பிடித்தது. உச்சி வெயில். பக்கத்துக் கோரைப்புல்லில் ஒரு கானாங்கோழி புதுக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. கூட்டில் இன்னும் முட்டை இல்லை.

"சீக்கிரம் அளங்க! தும்பிக்கை வலிக்குது!" என்றது யானை.

"பொழுது சாயட்டும் தலைவரே" என்றது நாரை.

நரி நாரையின் பக்கத்தில் வந்து குழைந்தது. "நாரையக்கா, சாயங்காலம் வரைக்கும் தலைவர் நிப்பாரா? மரத்தைப் போட்டுட்டுப் போயிடுவாரு. அப்புறம் இந்த வருஷம் கம்பம் கிடையாது. உன் மகன் மலைக்கு அந்தப்பக்கம் போயி எத்தனை மாசம் ஆச்சு? இருக்கானா இல்லையான்னு தெரிய வேண்டாமா?"

மகனை நினைக்காமல் நாரை ஒரு நாளும் மீன் தின்றதில்லை.

"நிழல் இப்பவும் இருக்குல்ல? அதை அள!" என்றது நரி.

உச்சி வெயிலில் நிழல் காலடியில் சுருங்கிக் கிடந்தது. நாரை அளந்தது. ஐந்து அடி. கூடு இருபது அடி தள்ளி இருந்தது.

கானாங்கோழி வாயில் கோரையோடு ஓடி வந்தது. "அக்கா, மரம் ரொம்ப நெட்டையா இருக்கே. நான் இங்கேயே முட்டை வைக்கலாமா?"

நாரை ஒரு கணம் மலைப் பக்கம் பார்த்தது. பிறகு, "வை தங்கச்சி. ஒண்ணும் ஆகாது" என்றது.

நாரை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கானாங்கோழி நம்பியது. அதன் மேல் என்ன தப்பு? கம்பம் நட்டாயிற்று. கானாங்கோழி ஐந்து முட்டை வைத்தது.

கம்பம் நன்றாகவே வேலை செய்தது. மழை வருவது முன்கூட்டியே தெரிந்தது. வேடர் வருவது தெரிந்தது. நரி கொழுத்தது. ஒரு காலையில் இரட்டைவால் குருவி, "நாரையக்கா! உன் மகன் சுகமா இருக்கானாம்! அடுத்த மாசம் வர்றானாம்!" என்று கூவியது. நாரை இறக்கையை விரித்துக் கரை முழுக்க ஆடியது. கானாங்கோழியும் கூட்டிலிருந்தபடியே, "நல்ல சேதி அக்கா!" என்று சந்தோஷப்பட்டது.

ஆடி மாதக் காற்று ஒரு பிற்பகலில் வந்தது. ஈர மண் இளகிக் கம்பம் ஆடியது.

"கம்பம் சாயுது! ஓடுங்க!" என்று இரட்டைவால் குருவி அலறியது.

கானாங்கோழி விலகி ஓடியது. முட்டைகளால் ஓட முடியாதே! பெரிய சத்தத்தோடு மரம் கோரைப்புல்லின் மேல் விழுந்தது.

காடே கூடிவிட்டது. கானாங்கோழி கூடு இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது. ஓட்டுத்துண்டு ஒன்றை அலகால் புரட்டிப் பார்த்தது. உள்ளே மஞ்சள்தான் இருந்தது.

"பாழாப்போன காத்து! யாரைக் குத்தம் சொல்ல முடியும்?" என்றது நரி.

"என்னைச் சொல்லுங்க" என்றது நாரை. "விழுந்த மரத்தை அளந்து பாருங்க, முப்பது அடி இருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உச்சி வெயில்ல அளந்தேன்."

யானை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. தும்பிக்கை வலிக்குது என்று அவசரப்படுத்தியது யார்?

கானாங்கோழி திட்டவில்லை. "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே அக்கா" என்றது. "வேற இடம் பார்த்திருப்பேன். உன்கிட்ட கேட்டுத்தானே வச்சேன்?"



மறுநாள் கானாங்கோழி அங்கே இல்லை. எந்தத் திசையில் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. யானை அதே மரத்தைச் சுமந்துபோய்க் கரட்டு மேட்டில் நட்டது. இந்த முறை எல்லா விலங்குகளும் பொழுது சாயும்வரை காத்திருந்தன. குளக்கரையில் நடச் சொன்ன நரியோடு யாரும் பேசவில்லை. நாரையின் மகன் சொன்னபடி வந்து சேர்ந்தான். ஆனாலும் நாரை தினமும் மேடு ஏறி, "கானாங்கோழி எங்கேயாவது இருக்காளான்னு கேளு" என்று இரட்டைவால் குருவியிடம் கெஞ்சும். குருவி மலையைப் பார்த்துக் கூவும். எல்லாச் சேதியும் வந்தது. அந்த ஒரு சேதி மட்டும் வரவே இல்லை.

ஊர் நன்மைக்கான காரியமே ஆனாலும், எளியவரைக் காக்கும் விதியைத் தம் ஆசைக்காக வளைப்பவர், தம்மை நம்பியவரின் வாழ்வையே அழித்துவிடுகிறார்.