கொக்கு மாற்றிக்கொண்ட கேமரா

அல்லிக்குளத்துக் கரையில் ஒரு கொக்கு இருந்தது. அந்தக் காட்டு மிருகங்களுக்கெல்லாம் அதுதான் போட்டோகிராபர். மீனுக்குக் காத்திருப்பது போலவே படத்துக்கும் காத்திருக்கும். காலையில் கேமராவில் வைத்த கண்ணை மாலையில் எடுத்த நாளும் உண்டு.

அதன் கேமரா பழையது. உள்ளே கண்ணாடி வைத்தது, நல்ல கனம். அதே குளத்து மீன்கொத்தியிடம் கண்ணாடி இல்லாத புதுக் கேமரா இருந்தது. மிரர்லெஸ் என்பார்கள். சின்னது, சத்தமும் வராது. மீன்கொத்தி பாய்ந்து போய் ஒரு நொடியில் படம் எடுத்துவிட்டுக் கிளைக்குத் திரும்பிவிடும்.

கொக்குக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை யாருக்குத்தான் வராது?

"தம்பி, நாம கேமராவை மாத்திக்கலாமா?" என்றது.

"மாத்திக்கலாம் அண்ணே. ஆனா ரெண்டு நாள் வெச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. உங்களதுல கண்ணாடி வழியா நேராப் பாக்கறீங்க, இதுல திரை வழியாத்தான் பாக்கணும். சும்மா பாத்துக்கிட்டு இருந்தாலே பேட்டரி தீரும். எனக்கு ஒரு நொடி வேலை, போதும். உங்களுக்கு எப்படியோ."

"ஊரே நல்லதுன்னு சொல்லுது. இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"இன்னொரு பேட்டரியாவது கொண்டுபோங்க."

"என் கேமராவுல ஒண்ணு போட்டா நாலு நாள் ஓடும்ப்பா" என்று சிரித்தது கொக்கு. மீன்கொத்தி பழைய கேமராவைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனது.

மறுநாள் காலையில் ஒரு புள்ளிமான் கொக்கைத் தேடி வந்து, தன் குட்டி படுத்திருந்த புல்மேட்டுக்கு அழைத்துப் போனது. பிறந்து ஆறு நாள் ஆகியும் குட்டி காலூன்றவில்லை. இப்போது மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. பிழைக்காது என்று தாய்க்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, தினம் ஒரு தடவை எந்திரிக்கப் பாக்கறான், விழுந்துடறான். இன்னிக்கு நின்னான்னா அதை மட்டும் படம் பிடிச்சுக் குடுங்க. எம் புள்ளயும் நின்னான்னு நான் பாத்துக்கிட்டாவது இருப்பேன்."

"நான் இருக்கேன் தாயி" என்று கொக்கு கேமராவில் கண்ணை வைத்தது.

புதுக் கேமராவில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. குட்டியின் இமை முடி கூடத் தெரிந்தது. கொக்கு அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றது. உச்சிவெயில் ஏறிய நேரத்தில் திரை இருண்டுவிட்டது. தட்டிப் பார்த்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் குட்டி எழுந்தது. நடுங்கியபடி நான்கு காலிலும் நின்றது. தாயின் முகத்தை ஒரு முறை நக்கியது. பிறகு படுத்தது, மறுபடி எழவே இல்லை.

வெகு நேரம் கழித்துத் தாய் திரும்பிப் பார்த்தது. "எடுத்துட்டீங்களா அண்ணே?"

"இல்ல தாயி. பேட்டரி தீந்துபோச்சு."

மான் திட்டியிருந்தால்கூடக் கொக்குக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தாய் திரும்பிக் குட்டியின் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கியது.

ஊர் மெச்சும் கருவி தன் வேலைக்கு ஒத்துவருமா என்று பார்க்காமல் கையில் எடுப்பவர், தன்னை நம்பி வந்தவரையும் சேர்த்தே கைவிடுகிறார்.