ஆராயி போட்ட சோதனை

ஆராயி ஓர் அழுங்கு. ஓடைக்கரை வளையில் இருந்தாள். அழுங்கைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல் கிடையாது, நாக்கு மட்டும் முழ நீளம். எறும்பும் கறையானும்தான் சாப்பாடு. யாராவது கிட்டே வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அப்புறம் யார் வந்து தட்டினாலும் திறக்காது. பிறவியிலேயே சந்தேகப் பிராணி. அதிலும் ஆராயி பேருக்கு ஏற்றவள். காற்றடித்தால்கூட, இது ஏன் நம் வளைப் பக்கமாக அடிக்கிறது என்று யோசிப்பாள்.

அவளுக்கு வீரணன் என்று ஒரு மகன். வளர்ந்து ஆளாகி, ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக வளை தோண்டிக்கொண்டு போய்விட்டவன். ஒரு நாள் மலைச்சரிவில் கறையான் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது மேலிருந்து ஒரு பாறை உருண்டு வந்து அவன் முதுகில் விழுந்தது. செதில்கள் நொறுங்கி உள்சதை தெரிந்தது. பின்னங்கால் ஒன்று துவண்டுபோனது.

சடையன் என்ற முள்ளம்பன்றிதான் அவனைத் தூக்கி வந்தது. தூக்கி என்றால் எப்படி, வாலைப் பல்லால் கவ்வி இழுத்துத்தான். வழியெல்லாம் தன் முட்கள் அவனைக் குத்திவிடாமல் உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு வந்தது. தாயின் வளை வாசலில் விட்டபோது அதற்கு மூச்சு வாங்கியது.

வேறு யாராக இருந்தாலும் முதலில் நன்றி சொல்லியிருப்பார்கள். ஆராயி கேள்வி கேட்டாள்.

"பாறை உருண்டப்போ நீ அங்க என்ன பண்ணிட்டிருந்தே தம்பி?"

"கிழங்கு தோண்டிட்டிருந்தேன் அக்கா."

"பாறைக்கு மேலயா, கீழயா?"

"கீழதான் அக்கா" என்றது சடையன். திரும்பிப் போய்விட்டது. ஆனால் மறுநாளும் வந்தது. மழைக்காலம் வந்தால் ஓடைத் தண்ணீர் இந்த வளைக்குள் ஏறிவிடும் என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும். வருஷா வருஷம் ஆராயி அதற்குள் மேட்டுக் குகைக்குப் போய்விடுவாள். இந்த வருஷம் மகனும் நடந்தாக வேண்டும். வாசலுக்கு வெளியே கரை செங்குத்து, அடிபட்டவனால் ஏற முடியாது. அதனால் வளையின் பின்சுவரைக் குடைந்து சரிவாக ஒரு வழி போட்டுத் தருகிறேன் என்று சடையன் வேலையைத் தொடங்கியது. அவள் இரை தேடப் போகும் மாலை நேரத்தில் வந்து தோண்டிவிட்டுப் போகும்.

இதுவும் ஆராயிக்கு உறுத்தியது. நான் இல்லாத நேரமாகப் பார்த்து ஏன் வருகிறான்? அவள் இல்லாத நேரத்தில் மண்ணைக் கிளறினால்தானே அவள் கண்ணில் தூசி விழாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

வீரணனை அவள் பார்த்துக்கொண்ட விதத்தைக் குறை சொல்ல முடியாது. உருகி உருகிப் பார்த்தாள். அழுங்குக் குலத்தில் அடிபட்ட உடம்புக்குக் கட்டெறும்புதான் பத்தியம். கறையான் குளிர்ச்சி, புண்ணை ஆறவிடாது என்பார்கள். ஆனால் எறும்பை எதில் கொண்டு வருவது? அதற்கு ஒரு வழி உண்டு. எறும்புப் புற்றின்மேல் படுத்துச் செதில்களை எல்லாம் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எறும்புகள் கோபத்தில் திமுதிமுவென்று உள்ளே ஏறும். நிறைந்ததும் செதில்களை இறுக்கி மூடிக்கொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டும். ஆராயி அப்படித்தான் வந்தாள். மகன் பக்கத்தில் படுத்துச் செதில்களைத் திறப்பாள். அவன் நாக்கை நீட்டி நக்கிக்கொள்வான். ஆளான பிறகு இப்படி அம்மா மேலிருந்து நக்கித் தின்ன வேண்டியிருக்கிறதே என்று அவனுக்குக் கூச்சமாக இருக்கும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே தின்பான்.

விடிந்ததும் அவனைச் சுற்றிச் சுருண்டு, அவன் முதுகைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பகலெல்லாம் தூங்குவாள். "அசையாதே" என்பதுதான் அவள் சொல்லும் கடைசி வார்த்தை. எழுந்து நின்று பார்க்கட்டுமா என்று அவன் கேட்டால், விழுந்துவிட்டால் என்ன செய்வாய் என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

செவந்தி என்று ஒரு மைனா வேறு வரத் தொடங்கியது. பகலில், அம்மாவும் மகனும் தூங்கும்போது, தத்தித் தத்தி உள்ளே வரும். ஒரு நாள் ஆராயி பாதிக் கண்ணில் பார்த்துவிட்டாள்.

"உனக்கு இங்க என்னடி வேலை?"

"இங்க எனக்கு இரை கிடைக்குது பெரியம்மா. அதான் வர்றேன்" என்றது செவந்தி. அதற்கு எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

இரை! அந்த ஒரு சொல் ஆராயியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வளைக்குள் கிடப்பது அவள் மகன் ஒருவன்தான். அப்படியானால் இரை யார்? அன்று மைனாவைப் போகவிட்டாள், ஆனால் மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை, தூங்கி எழுந்து மகனின் முதுகைப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. ஆறிக்கொண்டு வந்த புண்ணில் சிவப்பு சிவப்பாகப் புள்ளிகள். யாரோ குத்தியதுபோல் இருந்தது. வீரணனைக் கேட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாறை விழுந்ததிலிருந்து அந்த இடம் மரத்துப்போயிருந்தது. தொட்டாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. திரும்பிப் பார்க்கவும் அவனால் முடியாது.

அன்று பின்சுவர் ஓரத்தில் முள்ளம்பன்றியின் முள் ஒன்று கிடந்தது. தோண்டுகிற இடத்தில் முள் உதிராமல் வேறெங்கே உதிரும்? ஆராயிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. முள்ளை எடுத்து வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சடையன் வந்ததும், இது யாருடையது, என் மகன் புண்ணில் ஏன் குத்தினாய், பாறையை உருட்டியது போதாதா என்று வரிசையாகக் கேட்டாள்.

சடையன் அந்தக் கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டது. "இதை அன்னைக்கே மனசுல வச்சிருந்தியா அக்கா?" என்று மட்டும் கேட்டது. பாதி தோண்டிய வழியை அப்படியே விட்டுவிட்டு அது போய்விட்டது.

மறுநாளும் புள்ளிகள் இருந்தன.

அப்படியானால் அது முள் குத்தியது இல்லை, அலகு கொத்தியது என்று ஆராயி முடிவு கட்டினாள். தன் கணக்கு தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, ஆள்தான் மாறிவிட்டது. அடுத்த பகல் தூங்காமல் கிடந்து, செவந்தி புண்ணருகே அலகைக் கொண்டுபோன அந்த நொடியில் வாலால் ஓங்கி அடித்தாள். மைனா தப்பிப் பறந்தது. இரண்டு இறகுகள் வளைக்குள் கிடந்தன.

"என் பிள்ளை உனக்கு இரையா?" என்று வாசல்வரை துரத்தினாள்.

"உன் பிள்ளையை யாரு தின்னா? உன் சீதனத்தைத்தான் தின்னேன்!" என்று கத்திவிட்டுப் பறந்தது செவந்தி. இது என்ன உளறல் என்று ஆராயி திரும்பிவிட்டாள்.

அதன்பிறகுதான் வினை முற்றியது. புள்ளிகள் குறையவில்லை, இரட்டித்தன. புண் வீங்கிப் பளபளத்தது. வீரணனுக்குக் காய்ச்சல் வந்தது. வானத்தில் மேகம் திரண்டு நின்றது. பின்வழி பாதியில் கிடந்தது. ஆராயி பயந்துபோனாள். பயந்தால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இன்னும் அதிகமாகக் கட்டெறும்பு கொண்டு வந்தாள், இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். புண் இன்னும் மோசமானது.

கடைசியில் ஒரு மாலை மகனிடமே கேட்டுவிட்டாள். "நீயே சொறிஞ்சுக்கிறியா? உண்மையைச் சொல்லு."

வீரணன் அம்மாவைப் பார்த்தான். அவனுக்குக் கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

"சடையனை விரட்டினே. செவந்தியை விரட்டினே. இனிமே இங்க நானும் நீயும்தான் அம்மா. என்னையும் விரட்டிட்டா அப்புறம் யாரைக் காப்பாத்துவே? என்னை என் வளையிலயே கொண்டுபோய் விட்டுடு."

பெற்ற மகன் வாயிலிருந்து இந்தச் சொல் வந்தால் எந்தத் தாய்க்கும் வலிக்கத்தான் செய்யும். அவளுக்கும் வலித்தது. ஆனாலும் எறும்பு பிடிக்கப் போனாள், வந்தாள், ஊட்டினாள். விடிந்ததும் வழக்கம்போல் அவனைச் சுற்றிச் சுருண்டாள். தூங்கவில்லை. இன்று யார் வந்தாலும் விடுவதில்லை என்று கண்ணை இடுக்கிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு நிழல்கூட விழவில்லை.

உச்சிப்பொழுதில் வீரணன் நெளிந்தான்.

"அம்மா, முதுகுல ஏதோ கடிக்குது."

"அசையாதே" என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். கடிக்கிறதா? கடிப்பது தெரிகிறதா? மரத்துப்போயிருந்த முதுகுக்கு உயிர் வந்துவிட்டதா? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாசலிலிருந்து கண்ணை எடுத்து, முதன்முதலாகத் தன் அணைப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

அவள் மார்புச் செதிலுக்குள்ளிருந்து ஒரு கட்டெறும்பு வெளியே வந்தது. மீசையைத் தடவிக்கொண்டது. நேராக வீரணனின் புண்ணுக்கு நடந்து ஒரு கடி கடித்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதன் பின்னால் வரிசையே வந்தது. மகன் நக்கியது போக மிஞ்சியவை எல்லாம் அவள் செதில் இடுக்குகளில்தான் குடியிருந்தன. அவள் இறுக்கி அணைக்க அணைக்க அவை புண்ணுக்குப் பக்கத்தில் போயின.

ஆராயி முன்னால் வந்த எறும்பை நகத்தால் அமுக்கிப் பிடித்தாள். "எவ்வளவு நாளா இங்க வர்றே?" என்று அதட்டினாள்.

"நான் எங்க வந்தேன்?" என்றது எறும்பு. "எங்க வீட்டுல நாங்க சும்மா இருந்தோம். நீதான் அக்குள்ல இடுக்கிக்கிட்டு வந்தே. ஒரு மைனா எங்களைப் பொறுக்கித் தின்னுட்டிருந்துது. அதையும் நீயே விரட்டிட்டே. அப்புறம் எங்களுக்கு என்ன கவலை?"

அப்போதுதான் ஆராயிக்கு அந்த 'இரை' எது என்று புரிந்தது, அவளே சுமந்து வந்த அந்தச் 'சீதனம்' எது என்றும் புரிந்தது. அவள் எறும்பை விட்டுவிட்டாள். அதை நசுக்கி என்ன ஆகப்போகிறது?

மகனைவிட்டு மெல்ல விலகினாள். நடந்ததை மறைக்காமல் அவனிடம் சொன்னாள். முதலில் சடையனையும் செவந்தியையும் போய்ப் பார் என்றான் வீரணன்.

செவந்தி சுலபமாகச் சமாதானம் ஆகிவிட்டது. எங்கே எறும்பு உண்டோ அங்கே அது வரும், அதற்கு மானம் ரோஷம் எல்லாம் பசிக்குப் பிறகுதான். சடையன் அப்படி இல்லை. தன் பொந்துக்குள் இருந்தபடியே, முகத்தைக்கூட வெளியே காட்டாமல், ஒரு கேள்வி கேட்டது.

"நான் பாறைக்கு மேல நின்னேனா, கீழ நின்னேனா?"

ஆராயி தலையைக் குனிந்துகொண்டாள். "கீழ நின்னே தம்பி. உன்மேலயும் விழுந்திருக்கும். ஓடாம என் பிள்ளையை இழுத்துட்டு வந்தே. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்."

அன்று மாலை பின்சுவரில் மண் சரியும் ஓசை கேட்டது.

அதன்பின் ஆராயி எறும்பை உள்ளே கொண்டு வருவதில்லை. வாசலிலேயே கொட்டிவிடுவாள். வேண்டுமென்றால் வீரணன்தான் வந்து தின்ன வேண்டும். முதலில் ஊர்ந்து வந்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். தடுமாறும்போதெல்லாம் அவள் தாவிப் பிடிக்கப் போவாள், சடையன் தொண்டையைச் செருமும், நின்றுவிடுவாள். செவந்தி புண்ணைச் சுற்றி ஓர் எறும்பைக்கூட விட்டுவைக்கவில்லை. வீக்கம் வடிந்தது. காய்ச்சலும் விட்டது.

ஒரு பகலில் மழை பிடித்துக்கொண்டது. ஓடை பொங்கி வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தபோது, வீரணன் பின்வழியில் ஏறிக்கொண்டிருந்தான். ஒரு கால் இழுத்தது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். ஆனாலும் நாலு காலிலும் தானே ஏறினான். முன்னால் சடையன் போனது. பின்னால் ஆராயி வந்தாள். அவனைத் தொடாமல் வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மேட்டுக் குகையில் எல்லோரும் ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஆராயி மட்டும் உள்ளே வரவில்லை. மழையில் குகை வாசலில் நின்று, செதில்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உடம்பைப் படபடவென்று உதறிக்கொண்டிருந்தாள்.

"என்ன அக்கா பண்றே? உள்ள வா" என்றது சடையன்.

"சோதனை போடுறேன்."

"இங்க வேற யாரு இருக்கா? யாரைச் சோதனை போடுறே?"

"என் பிள்ளைகிட்டப் போறவளை" என்று சொல்லிவிட்டு, ஆராயி இன்னொரு முறை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அன்புக்குரியவர்களைக் காக்க வாசலில் நிற்பவர், வருகிறவர்களைச் சந்தேகிக்கும் முன், தான் என்ன சுமந்துகொண்டு உள்ளே போகிறோம் என்று தன்னையே ஒருமுறை உதறிப் பார்க்க வேண்டும்.